ஊர்ப் பணத்துக்கு யார் காவல்?



தெருவிளக்கு எரியாவிட்டால் பிரதேச சபையை ஏசுகிறோம். அந்தச் சபையின் பணத்தை யார் கண்காணிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இது பழைய கேள்வி.

நமது முன்னேஸ்வரம் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை மன்னர் 6ஆம் பராக்கிரமபாகு கோயிலுக்குக் கொடுத்த நிலங்களை அது சொல்கிறது. கல்லில் வெட்டியதை யாரும் இரவோடிரவாக மாற்ற முடியாது.

அதற்கும் சுமார் 500 வருடங்களுக்கு முன், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் சோழர் காலக் கிராம சபை இன்னும் கண்டிப்பாக இருந்தது. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலைக் குடத்தில் போடவே முடியாது. அவரது நெருங்கிய உறவினருக்கும் அதே தடை.

இலங்கையில் ஆங்கிலேயர் 1871இல் கம்சபாக்களுக்குச் சட்டம் போட்டார்கள். பின்னர் வந்த கிராமச் சபைகள் 1981இல் இல்லாமல் போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1988 ஜனவரி 1இல் பிரதேச சபைகள் தொடங்கின. எங்கள் பக்கத்துக்கு சிலாபம் பிரதேச சபை.

இச்சபைகளின் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள் உண்டு. வருடம் பிறக்குமுன் உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும். நிதி விதிகளின்படி வேலை நடக்கிறதா என்று மாகாண உள்ளூராட்சித் திணைக்களம் வழிகாட்டி மேற்பார்வை செய்யும். கடைசியில் கணக்காய்வாளர் நாயகம் கணக்கைப் பார்ப்பார். சட்டவிரோதமாகச் செலவானதைப் பொறுப்பானவரின் சொந்தப் பையிலிருந்தே அறவிடவும் சட்டத்தில் இடமுண்டு.

ஆனால் கணக்காய்வு வருவது பணம் செலவான பிறகு. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டு வருடங்களுக்கு மேலாக, மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லாமலே செயலாளர்கள் சபைகளை நடத்தினார்கள். முதல் பூட்டைப் பிடிக்க ஆளில்லை.

அதனால் நான்காவது பூட்டு நாம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, "எங்கள் வீதிக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு?" என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை.

பள்ளிவாசல் வரவு செலவைப் பலகையில் ஒட்டாவிட்டால் ஜமாஅத்தார் சும்மா இருப்பார்களா? நமது சோலைவரியும் அதே அமானிதம்தான். இந்த வருடம் ஒரு வீதிக்கு ஒருவராவது எழுதிக் கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.