கரியாஹாட்டில் ஒரு பாம்பு வேர்

கரியாஹாட் மார்க்கெட் பக்கம் நடைபாதையில் சாக்கு விரித்து, இலை தழை வேர் விற்கும் ஒரு பெரியவர் உண்டு. நம்ம ஊர் நிலவேம்புக்கு இங்கே கால்மேக் என்று பெயர். ஒரு டெங்கு சீசனில், ஊரிலிருந்து கொண்டுவந்த நிலவேம்புப் பொடி தீர்ந்துபோய் அவரிடம் வாங்கப் போனேன். அன்றிலிருந்து பழக்கம்.

போன மாதம் முறுக்கிக்கொண்ட, பழுப்பு நிற வேர் ஒன்றை எடுத்து நீட்டினார். "சர்ப்பகந்தா, தாதா. ப்ரெஷாருக்கு நல்லது." பிறகு ஒரு சிரிப்போடு, "பாகோலேர் ஓஷுத்" என்றார். பைத்தியத்துக்கு மருந்து என்று அர்த்தம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

தஞ்சாவூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் பல வருஷமாக பிரஷர். மூன்று வருஷம் முன்பு ஒருநாள் காலை, திண்ணையிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். டாக்டர் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. யாரோ சொன்னார்கள் என்று சர்ப்பகந்தி வேர்ப்பொடியை இரண்டு மாதமாக, மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். அதற்கு முன்பே பேச்சு குறைந்து, பேப்பர்கூடப் படிக்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். வயசாகிறது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நான் போனில் சத்தம் போட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மூலிகைதானேடா! அதைப் போய் டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

நான் படித்தது பி.காம். மருந்துக்கும் எனக்கும் உள்ள உறவு மெடிக்கல் பில்லோடு சரி. ஆனால் அந்த போனுக்குப் பிறகு இந்த வேரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால்... கதை நான் வேலை பார்க்கும் இதே கல்கத்தாவில்தான் ஆரம்பிக்கிறது!

செடி சின்னதுதான். இலைகள் மூன்று மூன்றாகச் சுற்றி வரும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். தமிழில் சிவன் அமல்பொடி என்றும் பெயர் உண்டு. பாம்புக்கடி, தூக்கமின்மை, சித்தப்பிரமை என்று பலதுக்கும் நாட்டு வைத்தியத்தில் கொடுத்திருக்கிறார்கள். (பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வேரை நம்பி உட்காராதீர்கள்.) தாவரவியல் பெயரான ரவுவோல்ஃபியா, பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் ஞாபகமாக வைத்தது. பாவம், அவர் இந்தச் செடியைப் பார்த்ததே இல்லை.

1931ல் கல்கத்தாவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் கவிராஜ் கணநாத் சென். ஆயுர்வேதம், அலோபதி இரண்டும் கற்றவர். இன்னொருவர் டாக்டர் கார்த்திக் சந்திர போஸ். நாளைக்கு இரண்டு வேளை, ஏறக்குறைய 1.3 முதல் 2 கிராம் வேர்ப்பொடி கொடுத்தால் நோயாளியின் வெறி அடங்குகிறது, தூக்கம் வருகிறது, இரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று எழுதினார்கள். கரியாஹாட் பெரியவர் சொன்ன இரண்டு விஷயமும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது!

அதே சமயத்தில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி, வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார், ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக. சில இதயத் துடிப்புக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் அஜ்மலின் பயன்படுகிறது. 1933ல் கல்கத்தா ட்ராபிகல் மெடிசின் பள்ளியில் ராம்நாத் சோப்ராவின் குழு விலங்குகளில் சோதித்து, அழுத்தம் குறைவது உண்மைதான் என்று காட்டியது.

இவ்வளவு நடந்தும் வெளியுலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1949ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் அனுபவத்தை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட பிறகுதான் கண் திறந்தது. அதன்பின் எல்லாம் வேகம்தான். 1952ல் ஸ்விட்சர்லாந்தின் சிபா கம்பெனி விஞ்ஞானிகள் ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். 1954ல் நியூயார்க்கில் நேதன் க்ளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். 1956ல் உட்வர்ட் அதைச் சோதனைக்கூடத்திலேயே உருவாக்கினார். 1957ல் வக்கீலுக்கும் க்ளைனுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. நம்ம கல்கத்தாக்காரர்கள் இருவருக்கும்? அடிக்குறிப்பில் ஓர் இடம்.

வங்கிக்காரன் புத்தி, பற்று பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. ரிசர்பின் எடுத்தவர்களில் சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்ததாக 1950களிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். எல்லாம் மருந்தால்தானா என்பதில் பின்னால் சர்ச்சை எழுந்தது. ஆனால் அது நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் செரடோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகியவற்றைக் காலி செய்துவிடுகிறது என்பது நிரூபணமானது. கணக்கில் இருப்பைத் துடைத்து எடுப்பதுபோல!

இந்தக் கெட்ட குணமே ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கும் வழிவிட்டது. 1957ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு எல்-டோபா கொடுத்தார். எழுந்து நடமாடின! பார்கின்சன் நோய்க்கு எல்-டோபா மருந்தானதற்கு இது முக்கியமான படி. கார்ல்சனுக்கு 2000ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு செய்தி. இந்த எல்-டோபா பூனைக்காலி விதையில் இருக்கிறது. ஆமாம், உடம்பில் பட்டால் அரிப்பெடுக்குமே, அதே பூனைக்காலி! 1937ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். கார்ல்சன் அந்த விதையை உபயோகிக்கவில்லை. ஆனாலும் கல்கத்தா வேர் முடக்கியதை எழுப்பி நடக்கவைத்த பொருள், சென்னையில் இருபது வருஷம் முன்பே ஒரு புட்டியில் இருந்திருக்கிறது என்று படித்தபோது புல்லரித்தது.

இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். சென்னும் போஸும் செய்த பெரிய காரியம் வேரைக் கண்டுபிடித்தது அல்ல, அது ஊரறிந்த சமாசாரம். எவ்வளவு கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று அளந்து எழுதினார்கள். அதுதான் காரியம். ரிசர்பின் மாத்திரையில் மருந்து கால் மில்லிகிராம் என்றால் கால் மில்லிகிராம்தான். பொடியில்? வேர் விளைந்த மண்ணையும் பருவத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். சித்தப்பாவின் ஸ்பூனுக்கு அது எப்படித் தெரியும்?

வேருக்காக முழுச் செடியையும் பிடுங்கியதில் காட்டில் இது அருகிப்போய்விட்டது. 1990லிருந்து இதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ரிசர்பினையும் இப்போது டாக்டர்கள் அபூர்வமாகத்தான் எழுதுகிறார்கள்.

பெரியவரிடம் வேர் வேண்டாம் என்று சொல்லி, ஒரு கட்டு கால்மேக் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நிலவேம்பு குடிக்கலாமாடா?" என்றார்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடிங்க சித்தப்பா" என்றேன். "முதல்ல நீ கேட்டியா?" என்று திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். கேட்க வேண்டும். நீங்களும் இந்த வாரம் ஊருக்கு போன் பேசும்போது, அப்பா அம்மாவிடம் மாத்திரை போட்டாச்சா என்பதோடு நிறுத்தாமல், வேறு என்ன பொடி, என்ன கஷாயம் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.