ஒத்திகைக்கு ஓர் இயந்திரம்

நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில், 2002 வாக்கில், ஒரு சனிக்கிழமை மாலை புதிய மென்பொருளை நேரடியாக சர்வரில் ஏற்றினார்கள். முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேறு இயந்திரம் இல்லை. இன்னொரு சர்வர் வாங்க நிதி ஒதுக்கீடும் இல்லை. திங்கட்கிழமை பட்டியலை எடுத்தால், ஓய்வூதியம் பெறுவோரில் பாதிப் பேருக்குப் பஞ்சப்படி பூஜ்யம்! பழைய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கிப் பன்னிரண்டு நாள் கையால் எழுதினோம். கவுண்டரில் வந்து நின்ற வயதான விதவைகளிடம் "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

சென்ற மாதம் என் பேரன் தன் மடிக்கணினியில் ஒரே திரையில் மூன்று சர்வர்களை ஓடவிட்டுக் காட்டினான். "எல்லாம் மாயம் தாத்தா. இங்கே எது உடைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை" என்றான். இது நேற்று வந்த வித்தை என்றுதான் நினைத்தேன். படித்துப் பார்த்தபோது, நான் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தொடங்கிய வேலை இது என்று தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அறையை அடைத்துக்கொள்ளும் இயந்திரங்கள் அவை. பெரும்பாலோர் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். அவற்றுக்கு இயங்குதளம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரும் சங்கடம் இருந்தது. இயங்குதளத்தைச் சோதிக்க முழு இயந்திரமும் வேண்டும். ஒருவர் சோதிக்கும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஒரு சிறிய ஆய்வு மையம் வைத்திருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ என்ற இருவர் 1964 இறுதியில் ஒரு யோசனையைக் கையில் எடுத்தார்கள். ஓர் இயந்திரத்தைப் பலருக்குப் பங்கு போடுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு முழு இயந்திரமே இருப்பதுபோன்ற தோற்றத்தைக் கொடுத்தால் என்ன? மாடல் 40 கணினி ஒன்றில் சிறப்புக் கருவியைப் பொருத்தி, சி.பி.-40 என்ற நிரலை எழுதினார்கள். 1967 ஜனவரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. ஒரே கணினிக்குள் 14 கணினிகள்! ஒன்று நின்றுபோனாலும் பக்கத்தில் இருப்பதற்கு அது தெரியாது.

ஐ.பி.எம். தன் கௌரவத் திட்டமாக வைத்திருந்தது டி.எஸ்.எஸ். என்ற வேறொரு மென்பொருள். ஆள் பலம் முழுவதும் அங்கேதான். அது தடுமாறிக்கொண்டிருந்தபோது, கேம்பிரிட்ஜின் சிறு குழு எழுதிய அடுத்த பதிப்பான சி.பி.-67 ஒழுங்காக ஓடியது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அடுத்த வரிசையான சிஸ்டம்/370க்குப் புதிய நினைவக வசதி வரவிருந்தது. அந்த வன்பொருள் இன்னும் தயாராகவில்லை. ஆனால் சி.பி.-67ஐத் திருத்தி, இன்னும் பிறக்காத அந்த இயந்திரத்தைப் பாவனையாக உருவாக்கி, அதன்மேல் மென்பொருளைச் சோதித்தார்கள். மேடை கட்டுமுன்பே ஒத்திகை முடிந்துவிட்டது. 1972 ஆகஸ்டில் வி.எம்./370 என்ற பெயரில் அந்த நிரலை முறையாக அறிவித்தார்கள்.

1974இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இரு அறிஞர்கள் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் நிஜ இயந்திரத்தில் நடப்பதுபோலவே நடக்க வேண்டும். மேற்பார்வை செய்யும் நிரலின் பிடியை விட்டு எதுவும் போகக்கூடாது. வேகம் பெரிதும் குறையக்கூடாது. இந்த மூன்றும்தான் சாரம்.

பிறகு மலிவான சிறு கணினிகள் வந்தன. ஆளுக்கொரு நிஜ இயந்திரமே கிடைத்ததால் மாய இயந்திரம் பலருக்கு மறந்துபோயிற்று. மேலும், இன்டெல் சில்லுகளில் 17 கட்டளைகள் அந்த இலக்கணத்துக்குக் கட்டுப்படாமல் நழுவின. 1998இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்துச் சமாளித்தது. 1999இல் அதன் முதல் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் என்ற இலவச மென்பொருள் வந்தது. ஒரு கேம்பிரிட்ஜில் தொடங்கியது இன்னொரு கேம்பிரிட்ஜுக்கும் போய்ச் சேர்ந்தது. 2005 முதல் சில்லுகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்துவிட்டார்கள்.

பேரன் சொன்ன முறை எளிமையானது. இடம் கொடுக்கும் கணினி, அதற்குள் விருந்தாளியாக வரும் சர்வர்கள், வெளியுலகத்தோடு தொடர்பில்லாத ஒரு தனி வலைப்பின்னல். தரவுகளின் நகலில் நிஜப் பெயர்களை மாற்றிவிட வேண்டும். சோதனைக்கு முன் அப்போதைய நிலையை அப்படியே ஒரு படம் பிடித்ததுபோல் சேமிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் 'ஓட்' என்ற சொல் விருந்து கொடுப்பவரையும் குறிக்கும், விருந்துக்கு வந்தவரையும் குறிக்கும். கணினித் துறையில் குழப்பம் வரக்கூடாதென்று, வந்தவருக்கு 'அன்விதே' என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த வித்தியாசமே இல்லாமல் போயிற்று. வந்த விருந்தாளியை நேராக அடுப்படியில் விட்டுவிட்டோம்.

நாங்கள் குமாஸ்தாக்கள் கணக்கை முதலில் பென்சிலால் எழுதி, கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் மையால் எழுதுவோம். கேம்பிரிட்ஜ்காரர்கள் கணினிக்குச் செய்துகொடுத்ததும் அந்தப் பென்சிலைத்தான். "இன்னொரு சர்வர் வாங்கப் பணமில்லை" என்று அன்று எங்களுக்குச் சொன்ன காரணத்தை இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். இன்னொரு சர்வரே தேவைப்பட்டிருக்காது. வழி பிறந்து அப்போதே முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் கவுண்டர் வரைக்கும் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.