சல்போர்டின் மாமிசம் மறுத்த தேவாலயம்

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியபோது, எமதூர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் அதே பேச்சுத்தான். “இறைச்சி வேணாமெண்டு சொல்றதே நமக்கெதிரான கோஷம்தான் மாஸ்டர்” என்றார் பெரியவர் ஒருவர். அவரில் பிழையில்லை. ஆயினும், சமயத்தின் பெயரால் மாமிசத்தைத் துறந்தோரின் வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. அது இங்கிலாந்தின் சல்போர்ட் நகரத்துக்குரியது.

அங்கே மதகுருவாக இருந்தவர் வில்லியம் கவ்ஹேர்ட். பெயரின் பொருள் மாடு மேய்ப்பவன் என்பது ஒரு வேடிக்கை. சுவீடிஷ் ஞானி சுவீடன்போர்க்கின் கருத்துக்களில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1809இல் தம் சபையோரிடம் மாமிசத்தையும் மதுவையும் கைவிடுமாறு கோரினார். ‘பைபிள் கிறிஸ்தவ சபை’ என அது பெயர் பெற்றது. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகச் சொல்லப்படுபவை பயிர்களும் கனிகளுமே என்பது அவர்களது ஆதாரம். கொலையைத் தடுக்கும் கட்டளை விலங்குகளையும் உள்ளடக்கும் என்றும் வாதிட்டனர். ஆனால் அதே நூலின் 9ஆம் அதிகாரத்தில், நூஹ் நபியின் வெள்ளத்திற்குப் பின் மாமிசம் அனுமதிக்கப்படுகிறது. அல்லாஹ் ஹலாலாக்கியதை நாமாக ஹராமாக்கிக் கொள்ளக்கூடாது என்ற போதனையில் வளர்ந்த எனக்கு அவர்களது வாதம் உடன்பாடானதல்ல.

என்னைக் கவர்ந்தது வேறு விடயம். சல்போர்ட் பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த ஊர். கவ்ஹேர்ட் அந்த ஏழைகளுக்குச் சூடான மரக்கறி சூப் கொடுத்தார். மருத்துவ உதவி செய்தார். இலவச மையவாடியும் ஏற்பாடு செய்தார். இறைச்சியையே அரிதாகக் கண்டவர்கள் துறப்பதற்கு என்ன இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1816இல் கவ்ஹேர்ட் காலமானார். மறுவருடம் வில்லியம் மெட்காஃப் தலைமையில் சுமார் 40 பேர் கப்பலேறி பிலடெல்பியா சென்றனர். அவர்களுள் பலர் விரதத்தைக் கைவிட்டு விலகினர். மெட்காஃபோ பள்ளிக்கூடம் நடத்திச் சீவித்தபடி பிரசங்கித்தார். 1850இல் அமெரிக்க மரக்கறியாளர் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

சல்போர்டில் சபையைப் பொறுப்பேற்றவர் ஜோசப் பிரதர்டன். ஆலை முதலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரது மனைவி மார்த்தா 1812இல் வெளியிட்ட மரக்கறிச் சமையல் நூல் இத்துறையின் முன்னோடி நூல்களில் ஒன்று. 1847 செப்டெம்பர் 30இல் ராம்ஸ்கேட்டில் மரக்கறியாளர் சங்கம் தோன்றிய கூட்டத்திற்குத் தலைமை வகித்தவரும் பிரதர்டனே.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். “மத்தவங்கட இறைச்சிக் கடையை மூடச் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

பிரதர்டன் 1832 முதல் 1857இல் இறக்கும்வரை பாராளுமன்ற உறுப்பினர். அங்கே அவர் பேசியது ஆலைகளின் வேலை நேரத்தைக் குறைக்கவும், மரண தண்டனையை ஒழிக்கவும், பொது நூலகங்களை அமைக்கவுமே. மாமிச விடயத்தில் அவர்களது ஆயுதங்கள் பிரசங்கமும் துண்டுப்பிரசுரமும் சமையல் நூலும்தான். விரதம் தம் சபையாருக்கு, சூப் பசித்தவர்க்கு.

1932இல் அச்சபை யூனிடேரியன் சபையொன்றுடன் இணைந்தது.