கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும், எதைப் பார்ப்பது?

பரீட்சை முடிந்து பல நாள் ஆகியும் இந்தப் பக்கம் வரவில்லை. மன்னிக்கவும். இன்றைய கட்டுரைக்குக் காரணம் ஒரு போன் கால்.

சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா போன நவம்பரில் கூப்பிட்டார். "டேய், நீதானே ஹிஸ்டரி படிக்கிறே, ஒரு பஞ்சாயத்து தீர்த்து வை" என்றார். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போகிறார்களாம். சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கில் ஒரு பகல், லங்காவியில் ஒரு பகல், பிறகு வீடு. ஒவ்வொரு ஊரிலும் கப்பல் நிற்பது சுமார் எட்டு மணி நேரம். அதற்குள் எதைப் பார்ப்பது என்பதில்தான் சண்டை. அண்ணன் பிள்ளைகளுக்கு ஸ்நார்கலிங் வேண்டும், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் மிதந்தபடி பவளப்பாறையும் மீனும் பார்ப்பது. அண்ணிக்கு அலையாத்திக்காட்டுப் படகுச் சவாரி. பெரியப்பாவுக்கு? "தாத்தா போய் இறங்கின எடத்தை ஒரு தடவ பாத்துடணும்டா."

நானோ வெண்ணாற்றில் நீச்சல் பழகியவன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாரே! இரண்டு வாரம் புத்தகங்களைப் புரட்டினேன். இந்த வழி நமக்குப் புதிதல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

பெரிய கோயில் சுவரில் இருக்கும் ஊர்

லங்காவி மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கெடா என்றால் நம் கடாரம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜேந்திரனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1025 வாக்கில் அவன் கடற்படை தாக்கிய ஊர்களின் பட்டியல் அதில் வருகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாநக்கவாரம் (இன்றைய நிகோபார்), கடாரம் என்று நீளும். பிள்ளைகள் மீன் பார்க்கப் போகும் கடல் எங்கள் ஊர்க் கோயில் சுவரிலேயே இருக்கிறது என்றேன். பெரியப்பா சிரித்தார்.

போருக்கு முன்பே அங்கிருந்து இங்கே வந்து இறங்கியவர்களின் கதை அதைவிட சுவாரசியம். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய யிஜிங் என்ற சீனத் துறவி, இன்னொரு துறவியின் பயணத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கெடாவிலிருந்து மேற்கே முப்பது நாள் கப்பல் ஓடினால் நாகப்பட்டினம், அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை. ஆக நாகை அப்போதே ஒரு 'நின்று போகும்' துறைமுகம்!

அப்படி நின்றவர்கள் நாகையில் எதைப் பார்த்தார்கள்? ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் இங்கே சூடாமணி விகாரத்தைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் முடித்தான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அதைச் சொல்வதுதான் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஆவணம். கடல் கடந்து வருகிறவனுக்குக் கும்பிட ஓர் இடம், தன் ஊர்க்காரரைச் சந்திக்க ஓர் இடம்.

பதினான்காம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, ஒரு செங்கல் கோபுரத்தையும் அதில் 1267-ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகளையும் பற்றி எழுதினார். அந்த இடம் நாகை என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் துறவிகள் நாகைக்கு நடந்தே வந்து, ஒரு பழைய விகாரம் இருந்த இடத்தில் புத்தரை வணங்கினார்கள் என்கிறது பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு. கப்பலே போய்விட்டது, ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள்!

1846-இல் வால்டர் எலியட் பார்த்தபோதுகூட மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நாகையில் நின்றிருந்தது. கடலில் வரும் மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். 1867-இல் அரசு அனுமதியோடு இடித்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் கிடைத்த முன்னூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலப் புத்தர் சிலைகளில் பல இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கெடாக்காரர் ஒருவர் இன்று நாகையில் எட்டு மணி நேரம் இறங்கினால், அவர் முன்னோர் கட்டியதைக் காட்ட நம்மிடம் கோபுரம் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

ரஜுலாவில் போனவர்கள்

இனி பெரியப்பாவின் தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், சொந்த நிலம் கிடையாது. 1930-களில் மலேயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனார். கப்பல் பெயர் ரஜுலா.

நம் பக்கத்தில் தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெயர் வரும். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்பதே அதன் தடம். புதிதாக இருந்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். 1973 வரை ஓடியது. பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985-இல் நடந்த தீ விபத்தோடு அந்தக் கதையும் முடிந்தது.

நாகையில் கப்பல் கரைக்கு வராது. கடுவையாற்று முகத்துவாரத்தில் ஆழம் போதாது, மணல் சேரும். ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில்தான் போக வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையில் முதல் 'படகுச் சவாரி' அது. வாந்தி எடுத்துக்கொண்டே போனாராம்.

ஐந்தாறு நாளில் பினாங்கு. அறை எடுத்து வந்த பயணிகள் இறங்கி ஊர் சுற்றினார்கள். மேல்தளப் பயணிகளை, கப்பலில் அம்மையோ காலராவோ கண்டால், ஜெரெஜாக் என்ற தீவுக்குக் கொண்டு போவார்கள். அது தொற்றுநோய்த் தடுப்பு முகாம். துணிமணிகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, நாள் கணக்கில் வைத்திருப்பார்கள். கொள்ளுத்தாத்தா அங்கே ஐந்து நாள் இருந்ததாக வீட்டில் சொல்வார்கள். பினாங்கு எப்படி இருந்தது என்று கேட்டால், "கம்பி வேலி இருந்துச்சு" என்று மட்டும் சொல்வாராம்.

ஒரே கப்பல், ஒரே துறைமுகம். யாருக்கு எந்தச் சுற்றுலா என்பதை டிக்கெட் தீர்மானித்தது.

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம்

பிள்ளைகளின் ஸ்நார்கலிங். லங்காவிக்குத் தெற்கே பாயார் என்ற சிறு தீவுக் கூட்டம், மலேசியாவின் கடல் பூங்காக்களில் ஒன்று. இதில் காற்றுக் கணக்கு ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று நம் நாகைக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அதே வடகிழக்குக் காற்று அடிக்கும்போது மலேசியாவின் மேற்குக் கரை, மலைகளுக்கு மறைவில் இருப்பதால், பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதனால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பாயாருக்கு நல்ல காலம். முன்பு பாய்மரக் கப்பல்கள் கடாரத்திலிருந்து நாகைக்கு வர நம்பியதும் இந்தக் காற்றைத்தான்.

நம் கடற்கரையில் ஏன் இது முடியாது என்று கேட்காதீர்கள். காவிரி வண்டல் நெல்லுக்கு வரம், பவளத்துக்கு எமன். கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. பவளம் பார்க்க மன்னார் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் இறங்க ஒரு மணி, கப்பலுக்கு முன்கூட்டியே திரும்ப ஒரு மணி கழியும். மிச்சம் ஆறு. படகுத்துறைக்குச் சாலையில் போக வர, பிறகு பாயாருக்குப் படகில் போக வர என்று நான்கு மணி நேரம் ஓடிவிடும். தண்ணீரில் இரண்டு மணி கிடைத்தால் பெரிது. கப்பல் நிறுவனமே அழைத்துப் போகும் பயணம் என்றால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். வெளியில் பேரம் பேசிப் போனால் காசு குறையும், ஆனால் கப்பல் காத்திருக்காது. கடலில் போய் வரும் பயணத்துக்கு முதல் வழியே நல்லது என்றேன். பூங்கா அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும் சொன்னேன். மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது, பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது. அது கல் அல்ல, உயிர். ஒரு விரற்கடை வளரவே வருடங்கள் ஆகும்.

அண்ணியின் அலையாத்திக்காடு லங்காவியின் கிலிமில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே அழகான இடம்தான். ஆனால் அலையாத்தி பார்க்க அவ்வளவு தூரமா? ஊருக்கு வந்தால் முத்துப்பேட்டைக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றேன். 2018 கஜா புயலில் அடிபட்ட காடு, துளிர்த்ததை அவரும் பார்க்கட்டும்.

பெரியப்பாவுக்கு மட்டும் தயங்கினேன். பினாங்கிலிருந்து பாலம் தாண்டி பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகலாம். பழைய கடாரத்தின் கோயில் அடித்தளங்கள் அங்கே இருக்கின்றன. போகும் வழியில், அந்தப் பாலத்தில் வலப்பக்கம் பார்த்தால் ஜெரெஜாக் தீவு தெரியும். "எறங்க வேண்டாம் பெரியப்பா, டிரைவர்கிட்ட சொல்லி மெதுவா போகச் சொல்லுங்க" என்றேன்.

பொங்கலுக்கு மறுபடி பேசினார். பிள்ளைகள் கிளிமீன் பார்த்த கதையை அரை மணி நேரம் சொன்னார்கள். பெரியப்பாவிடம் தீவு தெரிந்ததா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதுடா. பச்சையா அழகா இருக்கு. புள்ளைங்ககிட்ட காட்டினேன், உங்க பாட்டனுக்குப் பாட்டன் அங்கதான் இருந்தாருன்னு. ரிசார்ட்டான்னு கேக்குதுங்க" என்றார்.

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

நண்பர்களே, அடுத்த முறை எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் மீனைப் பாருங்கள், படகில் போங்கள், தப்பே இல்லை. கூடவே, இதே துறையில் நமக்கு முன்னால் இறங்கியவர்களுக்கு என்ன பார்க்கக் கிடைத்தது என்று ஒரு நிமிடம் யாரையாவது கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டிலேயே பதில் சொல்ல ஆள் இருக்கலாம், இப்போதே கேட்டுவிடுங்கள்.