எது வகுபடும் எண்?

சார்லஸ் பாபேஜின் பகுப்பாய்வுப் பொறி முழுமையாகக் கட்டப்படவேயில்லை. ஆயினும் 1843-ல் ஏடா லவ்லேஸ் அதுபற்றி எழுதிய குறிப்புகளில், பெர்னூலி எண்ணைக் கணிக்கும் படிகளை அட்டவணையாகவே காண்கிறோம். செயல், மாறிகள், விளைவு எனத் தனித்தனிப் பத்திகள். நான்காம் படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறியுள்ளன. விளைவுப் பத்தியோ சரியானது. மனிதர் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார். பொறி எழுதியதையே செய்யும்.

இன்று கணித மென்பொருள்களின் கையேடுகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் வாசிக்கின்றன. கோணம் காணும் 'ஏடேன்2' சார்பு, சி மொழியில் செங்குத்துத் தொலைவை முதலில் கேட்கிறது, எக்செலில் கிடைத்தொலைவை. பழகிய வரிசையை முகவர் ஊகித்தால் பிழைச்செய்தி வராது. தவறான விடையே வரும். எனவே உள்ளீடுகளின் வரிசையை ஐயமற எழுதுவதும் கணிதத்தின் பகுதியே என்கிறோம்.