தப்பும் தந்தியும்: இசை அறிமுறையின் முதற்பாடம் குறித்து மலைநாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறிச் செல்லும் பெருந்தெரு இறம்பொடையை அணுகுமிடத்தில், கண்ணுக்குத் தேயிலைச் சரிவுகள் தென்படுமுன்னரே காதுக்கு எட்டிவிடுவது, 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியின் ஓசை. அவ்வோசைக்குச் சுருதி இல்லை. எந்தச் சட்ஜத்தையும் அதனோடு ஒட்டிப் பாட இயலாது, ஏனெனில் தாழ்ந்தனவும் உயர்ந்தனவுமாகிய அதிர்வுகள் அனைத்தும் அதனுள் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கின்றன. அதே சரிவின் லயங்களில், மாசி மாதத்துக் காமன் கூத்து இரவுகளில் தப்பு ஒலிக்கின்றது. அதற்குச் சுருதி உண்டு என்று துணிந்து கூறவும் முடியாது, இல்லை என்று மறுக்கவும் முடியாது. மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டியார் முன்னே வைத்து வாசிக்கும் ஆர்மோனியத்துக்கோ சுருதி கட்டையிலேயே கட்டுண்டு கிடக்கின்றது. இம்மூவகை ஓசைகளுக்கிடையே வளர்ந்த ஒரு மாணவி, உயர்தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்துச் சித்தியடைந்து, மருதனார்மடத்துக்கோ கல்லடிக்கோ சென்று இசைக் கல்வியைத் தொடங்கும்போது, அறிமுறை வகுப்பில் அவளுடைய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஏறுகின்ற வாக்கியம், நாதம் ஆகதம் என்றும் அநாகதம் என்றும் இருவகைப்படும் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். அவள் அதை எழுதிக்கொள்கிறாள், மனனமும் செய்கிறாள். தன் ஊர் அருவியும் தப்பும் இவ்விரண்டில் எதனுள் அடங்கும் என்று அவள் வினவுவதில்லை. வினவும்படி அவளை ஒருவரும் தூண்டுவதுமில்லை.

நம் முன்னோர் இசையை இலட்சியம், இலட்சணம் என இரு கூறாகக் கண்டனர். பாடப்படுவது இலட்சியம்; பாடப்பட்டதன் இயல்பை வரையறுத்துக் கூறுவது இலட்சணம். இவ்விரண்டனுள் இலட்சியமே முற்பட்டது என்பதிலும், இலட்சணம் அதன் பின்னே நடந்து வருவது என்பதிலும் சாஸ்திரகாரருக்குள் அபிப்பிராய பேதம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும், இலங்கையில் நாம் 'அறிமுறை', 'செய்முறை' என்று பெயரிட்டு இரண்டையும் தனித்தனி வினாத்தாள்களாகப் பிரித்த அன்றே அம்முறை நிலைகுலைந்துவிட்டது. மலைநாட்டு மாணவருக்கு அறிமுறையின் முதற்பாடம் தப்பின் தாளத்திலிருந்தும், இழுத்துக் கட்டிய ஒரு தந்தியின் அளவுகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதும், மேளகர்த்தாச் சக்கரமும் முப்பத்தைந்து தாள அட்டவணையும் அவற்றின் பின்னரே வர வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இசையைக் கல்லூரிப் பாடமாக்கிய முயற்சிகளின் பெருமையை நான் குறைத்துக் கூற முன்வரவில்லை. சிதம்பரத்தில் 1929 இல் இராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரியும், வட இலங்கைச் சங்கீத சபை 1931 முதல் படிப்படியாக வகுத்த தரப் பரீட்சைகளும், சென்னையில் 1949 இல் முசிரி சுப்பிரமணிய ஐயரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரியும், 1960 இல் மருதனார்மடத்தில் எழுந்து பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் கல்லூரியும் இல்லாதிருந்தால், குருவின் வீட்டுத் திண்ணையை அடையும் பாக்கியம் பெறாத ஆயிரக்கணக்கானோருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இசைக் கல்வி எட்டாக் கனியாகவே இருந்திருக்கும். மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரும்பாடகர் கடல் கடந்து வந்து மருதனார்மடத்தில் தலைமை வகித்துக் கற்பித்ததும் இந்நாட்டு இசை வரலாற்றின் ஒரு நற்பேறே. எனினும் பரீட்சை என்பது எழுதக்கூடியதையே அளக்கும். எழுதக்கூடியதோ பெரும்பாலும் மனனம் செய்யக்கூடியதே. இவ்வாறாக அறிமுறை என்னும் தாள் காலப்போக்கில் செவியோடு தொடர்பற்ற ஒரு நிகண்டாக மாறிற்று. ஒரு மாணவன் எழுபத்திரண்டு மேளங்களின் பெயர்களைப் பிழையின்றி வரிசையாய் ஒப்புவிப்பான். அவற்றுள் இரண்டைப் பாடிக் காட்டினால் எது எதுவென்று அவனுக்குப் பிரித்தறியத் தெரியாது.

குருகுல முறையில் பாடங்கள் நின்ற வரிசையை நோக்குவோம். புரந்தரதாஸர் வகுத்தனவாகப் பரம்பரை கூறும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்பன எல்லாம் பாடங்களே. விதிகள் அவற்றினுள் மறைந்திருந்தன. அலங்காரங்களைப் பாடி முடித்தவன் ஏழு தாளங்களையும் கையால் அறிந்துவிடுகிறான். அவற்றுக்கு அங்கம் என்றும் ஜாதி என்றும் பெயர் உண்டு என்பதை அதன் பிறகே கேட்கிறான். இவ்வரிசைகள் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைக்கப்பட்டதற்குக் காரணம் யாது என்று வினவினால், மாணவர் பலரும் அது பதினைந்தாவது மேளம் என்றும், கடபயாதி சங்கியையின்படி 'மா' ஐந்தையும் 'யா' ஒன்றையும் குறிக்க, அவற்றைத் திருப்பி வாசித்தால் பதினைந்து வரும் என்றும் விடை எழுதுவர். விடை சரியானதே, வினாவுக்கு உரியது மட்டும் அன்று. உண்மைக் காரணம் அவ்விராகத்தின் வடிவத்தில் உள்ளது. சட்ஜத்தை 1 எனக் கொண்டால், ரிஷபம் 16/15, காந்தாரம் 5/4, மத்தியமம் 4/3 என அமையும். இம்மூன்றையும் 3/2 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 8/5, 15/8, 2 என்று தைவதமும் நிஷாதமும் தார சட்ஜமும் தாமே வந்து நிற்கும். கீழ்ப்பாதியில் பழகிய கண்டம் மேற்பாதியிலும் அதே இடைவெளிகளோடு திரும்ப வருவதால், சிறுவன் பாதியைக் கற்று முழுமையையும் பெறுகிறான். அடிப்படை அறிமுறையில் இதனினும் அழகிய உண்மை வேறொன்று எனக்குத் தெரியாது. இதை உணர்த்த ஒரு பலகையும், ஒரு கம்பியும், நகர்த்தத்தக்க ஒரு குதிரையுமே போதும்.

அந்தப் பலகையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். கம்பியை முழு நீளத்தில் மீட்டி அதைச் சட்ஜம் எனக் கொண்டு, நீளத்தைப் பாதியாக்கினால் தார சட்ஜமும், மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமமும், நான்கில் மூன்றாக்கினால் சுத்த மத்தியமமும், ஐந்தில் நான்காக்கினால் அந்தர காந்தாரமும் கேட்கும். நீளத்தை மாற்றாமல் கம்பியின் நுனியில் எடையைத் தொங்கவிட்டும் இதே சோதனையைச் செய்யலாம். கொழுந்து மடுவத்தில் நிறுவையைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிய கணக்கன்று. ஒரு கிலோ தொங்கும்போது எழுந்த ஒலி, நான்கு கிலோ தொங்கும்போது தார சட்ஜமாக உயரும். ஒன்பதின் நான்கில் ஒரு பங்கு, அதாவது இரண்டேகால் கிலோவில் பஞ்சமம் பிறக்கும். எடை நான்கு மடங்கானால் அதிர்வு ஏன் இருமடங்கு மட்டுமே ஆகின்றது என்று ஒரு மாணவன் கேட்கும் கணத்தில்தான் அறிமுறை வகுப்பு உண்மையில் தொடங்குகின்றது.

இங்கிருந்து தமிழிசை ஆராய்ச்சியின் பெருவழக்கு ஒன்றுக்குள் நேராகச் சென்றுவிடலாம். பஞ்சமத்தின் பஞ்சமத்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது எட்டில் தொடங்கிய சுவரத்துக்கே திரும்பிவர வேண்டும் என்று எதிர்பார்ப்போம். கணக்கிட்டால், 3/2 என்பதைப் பன்னிரு முறை பெருக்க 129.746 கிடைக்கின்றது, ஏழு ஸ்தாயிகளுக்கு உரிய எண்ணோ 128. மிகச் சிறிய இவ்வெச்சத்தை என் செய்வது? தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயியைச் சம அளவுடைய இருபத்துநான்கு சுருதிகளாகப் பிரிப்பதே முறையென்று நிறுவ முயன்று, சாரங்கதேவர் முதலியோர் கூறிய இருபத்திரண்டைக் கடுமையாக மறுத்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ்நூலில், காரைதீவில் பிறந்தவரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாகிய விபுலாநந்த அடிகள், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழுக்கும் பண்டை உரைகள் கூறும் அலகுகள் இருபத்திரண்டே என்பதை எண்விகிதங்களால் விளக்க முற்பட்டார். அரங்கேற்றம் நிகழ்ந்த அடுத்த மாதமே அடிகள் மறைந்ததால், தம் நூலின் மீது எழுந்த விவாதங்களுக்கு விடையளிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பண்டிதரின் பக்கம் நிற்பதா, அடிகளின் பக்கம் நிற்பதா என்பதை முதலாண்டு மாணவர் தீர்மானிக்க வேண்டியதில்லை. சம அளவுப் பகுப்பில் பஞ்சமம் 1.4983 ஆகச் சற்றே குறைகிறது என்பதையும், தந்தியில் அது 1.5 என்பதையும் அவர்கள் தம் செவியாலேயே கேட்டறிந்தால், இரு பெரும் நூல்களும் எந்த எச்சத்தைச் சுற்றி எழுந்தன என்பது விளங்கிவிடும். என் அபிப்பிராயத்தில், அடிகளின் அளவைகள் பண்களுக்கு நெருங்கியவை. பண்டிதரின் வாதம் அதனினும் துணிச்சலானது.

ஆர்மோனியம் சம அளவுப் பகுப்பில் அமைந்த கருவியாதலின், மார்கழிப் பஜனையில் வளர்ந்த செவி அப்பகுப்புக்கே பழகியிருக்கும். அகில இந்திய வானொலி 1940 இல் அக்கருவியை விலக்கியபோது எழுந்த வாதங்களுக்கும் இச்சிறு வேறுபாடே ஒரு காரணம். அதற்காகத் தோட்டத்துப் பஜனைக் கோஷ்டியை எவரும் குறைகூற வேண்டாம்; கட்டை மலிவாகக் கிடைத்தது, தம்புரா கிடைக்கவில்லை.

இனித் தப்புக்கு வருவோம். தோலை மரவளையத்தில் இறுக்கி, இரு குச்சிகளால் அடித்து முழக்கும் இக்கருவி, தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த கூலிமக்களோடு வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைத்த பெரட்டுத் தப்பாகத் துரைமாரின் ஏவலுக்கு ஒலித்த அதுவே, சாவீட்டிலும் திருவிழாவிலும் காமன் கூத்திலும் மக்களுக்காக ஒலித்தது. ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் அடி வேறு. இரதியும் மதனும் ஆடும்போது விழும் அடிக்கும் வீரபத்திரன் தோன்றும்போது விழும் அடிக்கும் உள்ள பேதத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அடிகளை மூன்றாகப் பிரித்து எண்ணுக, நான்காகப் பிரித்து எண்ணுக என்று ஆசிரியர் ஒருமுறை பணித்தால், திஸ்ரம், சதுஸ்ரம் என்ற பெயர்கள் அக்கணமே பொருள் பெற்றுவிடும். பிறகு, நான்கு அக்ஷர லகுவோடு இரண்டு திருதங்கள் சேர்ந்து எட்டாகும் ஆதி தாளத்தைப் புதிதாய்ப் புகட்டும் அவசியம் இராது. வேறு மாகாணத்து மாணவர் தாளத்தைக் கைவிரலால் கற்கின்றனர். இவர்களோ நடக்கத் தொடங்கிய நாள் முதல் அதைக் காலில் கொண்டிருக்கின்றனர்.

தப்பு கற்பிக்கும் இரண்டாவது பாடம் தாளத்தினும் ஆழமானது. இறம்பொடையின் பனியிலும் மழையிலும் தோல் ஈரம் ஏறித் தளர்ந்துவிடும்; ஆகவே அடிக்குமுன் வைக்கோலையோ கடதாசியையோ கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவர். காயக் காயத் தோல் இறுகி ஓசை கூர்மையாகும். தந்தியில் எடையைக் கூட்டியதும் இங்கே தீயைக் காட்டியதும் ஒரே விதியின் இரு பிரயோகங்கள். ஆயினும் எவ்வளவு காய்ச்சினாலும் தப்பிலிருந்து தெளிவான சட்ஜம் பிறப்பதில்லை, ஏனெனில் வெறும் வட்டத்தோலில் எழும் மேலதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று முழு எண்களுக்கு அடங்காத விகிதங்களில் அமைகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, நடுவே நிலையாகப் பூசப்பட்டிருக்கும் கரணை அம்மேலதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்னும் வரிசைக்குக் கொண்டுவருகின்றது என்பதை 1920 இல் சி. வி. ராமன் அவர்கள் சிவகாளி குமாரோடு சேர்ந்து வெளியிட்டார். ஆகவே, மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிறோமே, தப்புக்கு ஏன் சேர்ப்பதில்லை என்னும் வினாவுக்கு விடை கரணையின் கறுப்பில் இருக்கின்றது.

சாதியின் கறை பலரின் நெஞ்சில் தந்த விடை வேறு. தப்படித்தல் ஒரு பிரிவினரின் தலையில் சுமத்தப்பட்ட ஊழியமாக நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்ததால், அவர்களின் பிள்ளைகளுள் சிலர் கல்லூரி வாயிலில் அக்கருவியைப் பற்றிப் பேசவே கூசுவர்; ஆசிரியருட் சிலர் அதைக் கேட்கவே கூசுவர். அறிமுறைத் தாளில் தப்புக்கு இடம் இல்லாமைக்கு ஒலியியல் காரணத்தைக் கூறுவோர், இக்கூச்சத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்துணிபுக்கு ஒரு வலிய ஆட்சேபம் உண்டு. தோட்டத்து இசையைச் சுருதிக்கும் இராகத்துக்கும் இழுத்து வந்து அளப்பது, அதற்கு உரியதல்லாத அளவுகோலால் அளப்பதாகும் என்பர். இதில் உண்மை இருக்கின்றது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி முதலிய இராகங்கள் நாட்டார் மெட்டுக்களோடு உறவுடையன என்று இசைநூலார் கூறுவதைப் பற்றிக்கொண்டு, மலைநாட்டுத் தாலாட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் இராகப் பெயரைச் சூட்டிவிடும் அவசரத்தை நானும் ஏற்றுக்கொள்ளேன். அவ்வாறு செய்வதினும், அவ்விராகங்களுள் முதலிரண்டும் மேலே நிஷாதத்தோடு நின்று தார சட்ஜத்தைத் தொடாமை ஏன் என்று மாணவரை ஆராயச் செய்வதே தகும். சாதாரண மனிதக் குரல் சிரமமின்றி எட்டும் எல்லை எது என்னும் வினாவுக்கு அது அவர்களை இட்டுச் செல்லும். ஓர் அளவுகோல் பொருந்தாத இடத்தை அறிவதும் அறிமுறையே.

நான் வினாத்தாள் வகுப்பவனாயின், முதலாம் ஆண்டு அறிமுறைத் தாளில் முதல் வினாவை இவ்வாறு அமைப்பேன்: ஒரு தப்பைக் காய்ச்சுமுன்னும் காய்ச்சிய பின்னும் அடித்துக் கேட்டு, நீர் கேட்ட வேறுபாட்டை எழுதுக, அவ்வேறுபாட்டைக் கம்பிப் பலகையில் காட்டும் வழியைக் கூறுக, அத்தப்போடு இசைந்து பாட நேர்ந்தால் உமது சட்ஜத்தை எங்ஙனம் தெரிந்துகொள்வீர் என்பதைக் காரணத்தோடு விளக்குக. இறுதிப் பகுதிக்கு விடை எழுதுமுன் மாணவி சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெல்ல முணுமுணுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பரீட்சை மண்டபத்தில் அதற்கு மேற்பார்வையாளர் அனுமதி அளித்தாக வேண்டும்.