இனிப்பான விஷமும் குழந்தைகளின் சிறுநீரகமும்: ஒரு சிறு வரலாறு

1/ சளி சிரப் குடிச்ச குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தியை 2025 அக்டோபர்ல படிச்சிருப்பீங்க. "இது புதுசா வந்த பிரச்சனையா டாக்டர்?"னு ஆயக்குடி பக்கம் நிறைய பெற்றோர் கேக்கறாங்க. இல்லைங்க. கிட்டத்தட்ட 90 வருஷக் கதை இது.

2/ 1937, அமெரிக்கா. சல்ஃபானிலமைடு அந்தக் காலத்துல உயிர் காத்த மருந்து. அதை சிரப்பாக்க, மாசென்கில் என்ற கம்பெனி டைஎத்திலீன் கிளைகால்ல கரைச்சு, ராஸ்பெர்ரி ருசி சேர்த்து வித்தது. விஷமான்னு யாரும் சோதிக்கல. சோதிக்கணும்னு சட்டமும் இல்லை. 100 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல 34 பேர் குழந்தைகள். அடுத்த வருஷமே சட்டம் வந்தது.

3/ டைஎத்திலீன் கிளைகால் தொழிற்சாலைகள்ல பயன்படுற ரசாயனம். சிரப்ல சேர்க்குற கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் மாதிரியே நிறமில்லாம, இனிப்பா இருக்கும். விலை கம்மி. பாத்தோ ருசிச்சோ கண்டுபிடிக்க முடியாது, லேப்லதான் தெரியும்.

4/ கல்லீரல் இதை டைகிளைகாலிக் அமிலமா மாத்தும். அந்த அமிலம் சிறுநீரக நுண்குழாய்களை அழிக்கும். முதல்ல வாந்தி, வயித்து வலி. அப்புறம் ஒண்ணுக்கு குறையும், கடைசியில நின்னுடும்.

5/ நம்ம சென்னையிலேயே 1972ல 15 குழந்தைகள் இதனால இறந்தாங்க. 1998ல ஹரியானாவின் குர்கானில் 33 குழந்தைகள்.

6/ டாக்காவில் 1990 முதல், காரணமே தெரியாம சிறுநீரகம் செயலிழந்த குழந்தைங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. 300க்கும் மேல. பெரும்பாலானவங்க பிழைக்கல. டாக்டர் முகமது ஹனீஃபும் சக மருத்துவர்களும் அந்தக் குழந்தைங்க குடிச்ச பாராசிட்டமால் சிரப் பாட்டில்களைச் சேகரிச்சு சோதனைக்கு அனுப்பினாங்க. உள்ளே அதே விஷம். 1992ல அரசு அந்த சிரப்களைத் தடை செஞ்சதும் புது நோயாளிகள் மளமளன்னு குறைஞ்சாங்க.

7/ 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவங்க குடிச்ச கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1%. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனையில இருந்தது 48.6%.

8/ ஊரும் வருஷமும் மாறுது, காரணம் மாறல. மூலப்பொருள் டிரம் வந்து இறங்கும்போதே சோதிச்சிருந்தா இதுல பல சாவுகளைத் தடுத்திருக்கலாம்.

9/ நம்ம கையில இருக்கறது:
• சாதாரண சளி, இருமல் பெரும்பாலும் தானா சரியாகும். 2 வயசுக்குள்ள இருமல் சிரப் வேண்டாம், 5 வயசுக்குள்ள பொதுவா தேவையில்லைன்னு ஒன்றிய சுகாதாரத் துறையே சொல்லிருக்கு.
• மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க.
• மருந்து குடிக்கிற குழந்தை 6-8 மணி நேரமா ஒண்ணுக்குப் போகலையா? வாந்தி, சோர்வும் இருக்கா? காத்திருக்காம பழனி ஜிஹெச்சுக்குத் தூக்கிட்டுப் போங்க.
• பாட்டிலைத் தூக்கிப் போடாம கையோட கொண்டு போங்க. டாக்காவில் உண்மையைச் சொன்னது அந்தப் பாட்டில்கள்தான்.